பழைய பிளேனுக்குப் பேரீச்சம்பழம்!

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்ம்ம்..." என்று தெருவில் கூவிக்கொண்டு வருவாரே ஒருத்தர், அவர் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய ஊர் அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்திலுள்ள டூஸான். பார்த்தால் கூவ மறந்துவிடுவார்!

டூஸானில் டேவிஸ்-மான்தன் என்று ஒரு விமானப்படைத் தளம். அங்கே சுமார் 2,600 ஏக்கர் பொட்டல் காட்டில் ரிடையர்டு ராணுவ விமானங்கள் ஆயிரக்கணக்கில், ரேஷன் கடை க்யூ மாதிரி வரிசை பிடித்து நிற்கின்றன. ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'போன்யார்டு'. அதாவது, எலும்புக் கிடங்கு.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, மிஞ்சிய விமானங்களை என்ன செய்வதென்று தெரியாமல் 1946-ல் இங்கே கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார்கள். ஏன் இந்த ஊர்? காற்றில் ஈரம் கிடையாது. மழை, வருஷத்துக்கே சுமார் 12 அங்குலம்தான். அதனால் அரிப்பு வருவது ரொம்ப மெதுவாக. தரையோ கல் மாதிரி கெட்டி. கான்கிரீட் போடாமலே குண்டு விமானத்தை நிறுத்தலாம், டயர் புதையாது. வெயில் உள்ளே புகாமலிருக்க ஜன்னல்களிலும் மூக்கிலும் வெள்ளைப் பூச்சு. தூரத்தில் பார்த்தால் சந்தனக்காப்பு சாத்தின சாமி மாதிரி இருக்கும்!

உள்ளே போய்ச் சுற்ற முடியாது, ராணுவ இடம். பக்கத்து பீமா விமான மியூசியத்திலிருந்து விட்ட பஸ் டூரும் 2020-ல் நின்றுபோனது. கவலையில்லை. கோல்ப் ரோடு என்கிற சாலை இந்தப் பொட்டலின் நடுவே போகிறது. காரிலிருந்தே வேலி வழியாக ஓசி தரிசனம்! மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்தால் சுமார் 400 விமானங்களைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

இங்கே 1990-களில் ஒரு பெரிய வெட்டு நடந்தது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் 1991-ல் போட்ட ஒப்பந்தப்படி 365 பி-52 குண்டுவீச்சு விமானங்களை ஒழிக்க வேண்டும். கிரேனில் 13,000 பவுண்டு எடையுள்ள கத்தியைத் தூக்கி, தொபுக்கென்று போட்டார்கள். இறக்கை வேறு, உடம்பு வேறு. வெட்டிய துண்டுகளை உடனே அள்ளவும் கூடாது. ரஷ்ய சாட்டிலைட் மேலேயிருந்து பார்த்து, "சரி, செத்துப்போச்சு" என்று திருப்திப்பட வேண்டுமே!

பயணிகள் விமானங்களுக்கு வேறு பாலைவனங்கள். டூஸானுக்குப் பக்கத்திலேயே பினால் ஏர்பார்க், கலிஃபோர்னியாவில் மொஹாவி, விக்டர்வில். விமானம் வந்து நின்றதும் முதலில் கழற்றுவது இன்ஜினை, காசெல்லாம் அதில்தான். அப்புறம் சக்கரம், மின்னணுச் சாமான்கள். மிச்சம் வெறும் அலுமினியக் கூடு.

பி.காமில் தேய்மானம் போட்டவர்களுக்குத் தெரியும், கடைசி வரியில் 'ஸ்கிராப் மதிப்பு' என்று ஒரு சில்லறைத் தொகை நிற்கும். கணக்கு வாத்தியார்கள் அதோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். இங்கே அந்த வரியிலிருந்துதான் வியாபாரமே தொடங்குகிறது!

கலிஃபோர்னியாவின் மோட்டோஆர்ட், ஜெர்மனியின் ஏவியேஷன்டேக் போன்ற கம்பெனிகள் இந்தத் தகட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி, விமானத்தின் பெயரும் நம்பரும் பொறித்து, சாவிக்கொத்து பில்லையாக விற்கின்றன. பழைய அலுமினியம் கிலோ ஒன்றிரண்டு டாலர் பெறும். பில்லைக்கு இருபது கிராம் என்று வையுங்கள், கிலோவுக்கு ஐம்பது. ஒன்று முப்பது டாலர் என்றாலும் ஆயிரத்து ஐந்நூறு டாலர்! அப்படியானால் நாம் காசு கொடுப்பது உலோகத்துக்கா? இல்லை ஸார், அந்த நம்பருக்கு.

இது புரிந்தால் காசை மிச்சம் பிடிக்கலாம்.

பெயர் பெற்ற விமானத்தின் பின்னால் ஓடாதீர்கள். போரில் பறந்தது, மூடிப்போன பெரிய கம்பெனியுடையது என்றால் விலை எகிறும். தினம் நாலு தடவை ஏறி இறங்கிய போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ஜாதிக்கு அந்தக் கிராக்கி இல்லை. தகடு என்னவோ அதே அலுமினியக் கலவைதான்.

எல்லோரும் ஓடும்போது கூடவே ஓடாதீர்கள். 2020 செப்டம்பரில் குவான்டாஸ் தன் 747 விமானங்களிலிருந்து இறக்கிய ஆயிரம் தள்ளுவண்டிகளை விற்றது. ஒயின், பைஜாமா சகிதம்! பாதி சைஸ் 974.70 ஆஸ்திரேலிய டாலர், முழு சைஸ் 1,474.70. (விலைக்குள்ளேயே 747-ஐ ஒளித்துவைத்த குறும்பைக் கவனித்தீர்களா?) சில மணி நேரத்தில் அத்தனையும் காலி.

தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் பல சமயம் பில்லையை மிஞ்சிவிடும். ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழையுங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிற மச்சான் இருந்தால் இன்னும் உத்தமம். ஆனால் தகட்டைக் கைப்பையில் வைக்க வேண்டாமென்று சொல்லிவையுங்கள். ஓரம் கூர்மை, செக்யூரிட்டியில் மச்சானையும் சேர்த்து உட்காரவைத்துவிடுவார்கள்.

வெட்டாத தகட்டை மொத்தமாக வாங்கினால் மலிவுதான். அதற்காக வீட்டிலேயே அறுக்காதீர்கள். பல பழைய விமானங்களின் உட்புறத்தில் இருக்கிற மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சில் குரோமேட் உண்டு. அதைத் தேய்த்துப் பறக்கும் தூசி புற்றுநோய் வரை கொண்டுபோகும். பில்லையில் மிச்சம் பிடித்ததை டாக்டருக்கு அழ வேண்டாமே!

முக்கியமாக, நம்பரைச் சரிபாருங்கள். எந்த விமானம் எப்போது ஓய்வு பெற்றது என்பது தேடினால் கிடைக்கிற விவரம். விற்கிறவர் சொல்லும் நம்பர் இன்னும் ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தால், உங்கள் கையிலிருப்பது ஈயச் சொம்பு!

2024 ஏப்ரல் 22-ம் தேதி ஏர் இந்தியாவின் 747 ஜம்போ ஒன்று மும்பையிலிருந்து கடைசியாகக் கிளம்பியது. ஏறினதும் இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "போய்ட்டு வரேன்" சொல்லிவிட்டு அமெரிக்காவுக்குப் போனது. திரும்பி வரப்போவதில்லை. அந்த ஜம்போக்களில் முதன்முதலாகக் கடல் தாண்டினவர்கள் எத்தனையோ பேர். ஜன்னலோர ஸீட்டில் அழுதுகொண்டே போனவர்களுக்கு வால் நம்பரை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

உங்கள் அப்பா துபாய்க்குப் போன விமானம் எந்தப் போரிலும் சண்டை போட்டிருக்காது. சேகரிப்பவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் அது மலிவாகக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "எந்த வருஷம், எந்த பிளேன்ப்பா?" என்று கேட்டுவையுங்கள். பீரோவில் பழைய டிக்கெட்டோ பாஸ்போர்ட்டோ இருக்கும். அந்தத் தேதி கிடைத்தால் தேட ஆரம்பிக்கலாம். பில்லை கிடைக்காமலே போனாலும், கதை ஒன்று நிச்சயம் கிடைக்கும். அதற்குச் சுங்கமும் கிடையாது!