நன்றியுரையில் ஒரு சொல்

என் கணவரின் ஆய்வேட்டு நன்றியுரையில் எனக்கும் ஒரு வரி உண்டு: "வினையூக்கியாய் நின்ற துணைவிக்கு." அந்த ஆய்வேட்டை இரண்டு முறை பிழை திருத்தியவள் நான். அந்த வருடங்களில் என் ஆய்வுக் குறிப்புகள் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடந்தன. ஆனாலும் அந்த வரியைப் படித்துப் பூரித்துத்தான் போனேன். பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தோமே, வினையில் நேரடியாக ஈடுபடாமல் வேகத்தைக் கூட்டுவது வினையூக்கி என்று. ஈடுபடாமல்!

பல வருடம் கழித்து, விடைத்தாள் திருத்தும் இடத்தில் வேதியியல் துறைத் தோழி ஒருத்தி எலிசபெத் ஃபுல்ஹேமைப் பற்றிச் சொன்னாள். துணியில் பொன்னையும் வெள்ளியையும் வேதிமுறையில் படியவைக்க முடியுமா என்று 1780இல் யோசித்த பெண். கணவரும் நண்பர்களும் நடக்காது என்றார்கள். (என்ன ஆச்சரியம்!) அவர் விடவில்லை. பொன்னுப்புக் கரைசலில் தோய்த்த பட்டுத்துண்டை ஹைட்ரஜன் வாயுவில் வைத்துப் பார்த்தார். ஈரப்பட்டில் பொன் படிந்தது; உலர்ந்த பட்டில் படியவில்லை. அப்படியானால் தண்ணீர் அங்கே சும்மா இல்லை. அது உடைந்து வினைக்குள் போகிறது, வினையின் முடிவில் மீண்டும் தண்ணீராகிறது என்று எழுதினார். எரிதலைப் பற்றிய அவருடைய நூல் 1794இல் லண்டனில் அவர் சொந்தச் செலவில் வந்தது. முகப்பில் 'திருமதி ஃபுல்ஹேம்' என்று மட்டும். வினையூக்கம் என்ற கருத்தை முதலில் சொன்னவர் அவரே என்று வேதியியல் வரலாற்றாசிரியர்கள் பலர் இன்று ஒப்புகிறார்கள். பெர்சிலியஸ் அதற்குப் பெயர் வைத்தது 1835இல். பெயர் வைத்தவரைத்தான் பாடப்புத்தகத்துக்குத் தெரியும்.

"ஈடுபடாமல்னு எந்தப் புண்ணியவான் எழுதினானோ," என்றாள் தோழி. அவள் கரிமத் தொகுப்பில் ஆய்வு செய்தவள். இரண்டு மூலக்கூறுத் துண்டுகளின் கார்பன்களை இணைக்கப் பல்லேடியம் போடுவார்களாம். 2010இல் நோபல் வாங்கிய வேலை அது. பல்லேடியம் ஒரு துண்டைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும், பிறகு இன்னொன்றை. இரண்டையும் சேர்த்துவிட்டுத்தான் வெளியே வரும். ஒவ்வொரு சுற்றிலும் மாறி, மாறி, மீளும். கந்தகம் பட்டால் நஞ்சேறிச் செயலிழந்தும் போகும்.

அன்று இரவு அந்த ஆய்வேட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நல்ல வார்த்தைதானே போட்டிருக்கேன்?" என்றார்.

"ரொம்ப நல்ல வார்த்தை. உங்களுக்கு அதோட அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டேன்.