வானர சேனைக்கு வர்ணம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சேனை இருக்கிறது. நேயர்கள் பயந்துவிட வேண்டாம். சேனையிலேயே உயரமான வீரர் கும்பகர்ணன்; அவரே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைச்சல்தான். மற்றவர்களெல்லாம் ஒரு சாணுக்கு உட்பட்டவர்கள். வானரங்கள் 31, அரக்கர்கள் 18, கரடி ஒன்று. கரடி இப்போது இல்லை. அதற்கு நான்தான் பொறுப்பு. அந்தத் துயரக் கதை பின்னால் வருகிறது.

இது என் பாட்டி சேர்த்த ராமாயணக் கொலு. பண்ருட்டிப் பக்கம் போகிறவர்கள் பலாப்பழம் வாங்கி வருவார்கள். பாட்டி பலாப்பழத்தோடு இரண்டு வானரங்களையும் வாங்கி வருவாள். காகிதக் கூழையோ மண்ணையோ அச்சின் இரண்டு பாதிகளில் அழுத்தி எடுத்து, ஒட்டி, காய வைத்து, வெள்ளைப் பூச்சுப் பூசி, அதன்மேல் வர்ணம் தீட்டி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் கண் எழுதுவார்கள். கண் எழுதும் வரையில் அது வெறும் கூழ். எழுதிய பிறகுதான் சுக்ரீவன்.

மற்ற ஊர்களில் கிருஷ்ண லீலையும் கல்யாண ஊர்வலமும் பிரமாதப்படலாம். அரூர்க்காரர்களுக்கு வானர சேனையிடம் ஒரு தனிச் சொந்தம் உண்டு. ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் தீர்த்தமலை. அருணகிரிநாதர் பாடிய தலம். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் அங்கே சிவபூஜைக்கு உட்கார்ந்தார் என்பது தல வரலாறு. காசியிலிருந்து தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமாரைக் காணோம். நேரமாகிறது. ராமர் மலையில் ஓர் அம்பை விட்டார், தண்ணீர் கொட்டிற்று, பூஜையும் முடிந்தது. அதற்குப் பிறகு மூச்சிரைக்க வந்து சேர்ந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? கொண்டுவந்த தீர்த்தத்தை வீசி எறிந்துவிட்டார். அது விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம். அனுமாருக்குக் கூடக் கோபம் வந்த பிரதேசம் எங்களுடையது!

விஜயதசமி இரவு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் பெட்டியில் அடுக்குவதற்கு முன் எனக்கும் என் தம்பிக்கும் ஒரு மணி நேரம் யுத்தம் செய்ய அனுமதி உண்டு. கூடத்துத் தரையில் சாக்பீஸால் சமுத்திரம் வரைவோம். தாயக்கட்டை உருட்டி, விழுந்த எண்ணுக்குத் தக்கபடி படை நகரும். சாதாரண அரக்கன் சாய இரண்டு விழுந்தால் போதும். கும்பகர்ணன் சாயப் பன்னிரண்டு விழ வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து, "மூக்கை உடைச்சிடாதீங்கடா!" என்று இரண்டு தரப்புக்கும் பொதுவாக எச்சரிக்கை விடுவாள்.

இதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லையாம். எச். ஜி. வெல்ஸ் என்னும் பெரிய எழுத்தாளர் 1913-லேயே ஈய சிப்பாய்களைத் தரையில் நிறுத்திப் போர் நடத்துவதற்கு விதிமுறைப் புத்தகமே எழுதிவிட்டார். 1983-ல் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி 'வார்ஹாமர்' என்ற ஆட்டத்தைக் கொண்டு வந்தது. அதில் பூதங்களும் குள்ளர்களும் மாயாவிகளும் மேஜைமேல் அணிவகுத்துப் பகடை உருட்டிச் சண்டையிடுகின்றன. ஆட்டத்தைவிடப் படைக்கு வர்ணம் தீட்டுவதில்தான் பலருக்கு மோகம். வேறு யாரோ எந்தக் காலத்திலோ பூசிவிட்டுப் போன பழைய பொம்மைகளை வாங்கி, பூச்சைக் கழற்றி, ஒடிந்த வாளை ஒட்டி, புதிதாகத் தீட்டி மகிழ்கிறார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு நண்பருக்கே அந்தப் பைத்தியம் உண்டு. "ராத்திரி திரவத்தில் ஊறப் போடு, காலையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய். பழைய பெயின்ட் தோல் உரிகிற மாதிரி வந்துவிடும்" என்று அவர் எனக்கு உபதேசம் செய்தார்.

சென்ற ஆண்டு நவராத்திரிக்குப் பத்து நாள் முன்னதாக அரூர் போய்ப் பெட்டியைத் திறந்தேன். சேனை இருந்த கோலத்தை என்ன சொல்வது! வாலில்லாத வானரங்கள், கரையான் தின்ற கவசங்கள், எல்லார்மேலும் ஒரே பழுப்பு. நண்பரின் உபதேசத்தை முதலில் ஜாம்பவானிடம் பரீட்சித்தேன். ஒரு வாளியில் தண்ணீரும் சோப்புத் தூளும் கலந்து இரவு முழுக்க ஊறப் போட்டேன். காலையில் வாளியில் சேறு இருந்தது, ஜாம்பவான் இல்லை. நண்பருடைய பொம்மை உலோகம். எங்கள் ஜாம்பவான் சுடாத மண். எத்தனையோ யுகம் வாழ்ந்தவரை ஒரே இரவில் நான் கரைத்துவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. "மழைக்காலம், மூட்டு வலின்னு தைலாபிஷேகம் பண்ணியிருக்கலாம். நீ தண்ணியில போட்டுட்டே" என்றாள். அவ்வளவுதான்.

அதன் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய பூச்சைத் தொடாமல், தூசியை மட்டும் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, விரிசலை அடைத்தால் போதும் என்று தீர்மானித்தேன். பழம்பொருளைக் காக்கிறவர்கள் சொல்வதும் அதுதான். முதலில் தீட்டியவன் கையை அழிக்காதே என்பார்கள். அம்மா கேட்கவில்லை. "எல்லாம் ஒரே மண்ணாங்கட்டியாத் தெரியுதேடா. பளிச்சுன்னு அடி" என்றாள். நான் பாட்டியின் ஞாபகம், பழமையின் அழகு என்றெல்லாம் ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினேன். அவள் பதில் சொல்லாமல் பொம்மைகளைப் படியில் அடுக்க ஆரம்பித்தாள். லக்ஷ்மணனுக்குப் பக்கத்தில் சுக்ரீவனை வைக்கிறேன் என்று இந்திரஜித்தை எடுத்து வைத்தாள்.

நாற்பது வருஷமாக அந்தச் சேனையை அணிவகுத்தவள். எனக்குச் சொற்பொழிவு நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"புரை வந்திருக்குன்னாங்க. கொலு முடியட்டும்" என்றாள்.

போனில் வாரத்துக்கு மூன்று தடவை பேசுகிற பிள்ளைக்கு இது தெரியாது.

பளிச்சென்றே அடிப்பது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்குக்குப் பஞ்சமா? கிழங்கு மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, சாக்குத் தூளும் ஊறிய காகிதமும் சேர்த்துப் பிசைந்தால், ஒடிந்த வாலுக்கு அதைவிடச் சிறந்த மருந்து இல்லை. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். இதில் ஒரு ஜாக்கிரதை தேவை: பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கலாம், ஆகவே மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தெருவுக்கு விரட்டிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். பிறகு வெள்ளைப் பூச்சு, அதன்மேல் போஸ்டர் கலர்.

ஒவ்வொன்றையும் அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டுவேன். "ராமர் கறுப்பா இருக்காரே" என்பாள். இன்னும் நீலம். "இப்பவும் கறுப்புதான்." இன்னும் நீலம். "ம், இப்ப ராமர்!" ஒன்பது நாளும் அக்கம்பக்கத்தார் எங்கள் கொலுவைப் பார்த்துவிட்டு, "வெளிச்சமா இருக்கு" என்று மட்டும் சொல்லிச் சுண்டலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். கண் எழுதும் வேலை எங்கள் வீட்டில் பாட்டிக்குப் பின் அம்மாவுடையது. அழிந்த கண்களை வருஷாவருஷம் அவள்தான் எழுதுவாள். அந்தத் தடவை நானே எழுதிக்கொண்டு வந்தபோது, அனுமாரை மட்டும் கேட்டு வாங்கினாள். தூரிகையை நாக்கில் தொட்டுக் கூராக்கிக்கொண்டு, வழக்கம்போல் மூச்சை அடக்கி, இரண்டே இழுப்பில் எழுதினாள். கை நடுங்கவில்லை. ஆனால் ஒரு கண் சரியாக அமைய, மற்றது கன்னத்தில் போய் உட்கார்ந்தது. "எப்படி இருக்கு?" என்றாள். "ரொம்ப லட்சணம்" என்றேன். அப்படியே மேல்படியில் வைத்துவிட்டேன்.

தை மாதம் சேலத்தில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. அரூர் திரும்பிக் கட்டெல்லாம் பிரித்த மறு வாரம் அம்மா, "கொலுப் பெட்டியை எடு" என்றாள். நவராத்திரி அல்லாத நாளில் அந்தப் பெட்டி திறந்தது எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அதுவே முதல்.

ராமர் வெளியே வந்தார். அம்மா பார்த்தாள். புதுக் கண்ணை மூடிப் பழைய கண்ணால் பார்த்தாள். பிறகு பழையதை மூடிப் புதியதால் பார்த்தாள்.

"என்னடா இது, சொட்டு நீலத்துல முக்கி எடுத்திருக்கே!"

இதில் என் குற்றம் எதுவும் இல்லை, நேயர்களே. புரை விழுந்த கண்ணில் லென்ஸ் மஞ்சளித்துப்போகிறது. அது நீலத்தைத்தான் முதலில் மறைக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனேக்கு 1923-ல் இதே ஆபரேஷன் நடந்தபோது, அவருக்கும் நிறங்களெல்லாம் மாறித் தெரிந்தன. அம்மாவிடம் மோனேயைப் பற்றிச் சொன்னேன். "அவரும் கொலு வைப்பாரா?" என்று கேட்டுவிட்டு, வானரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டாக்டர் அதெல்லாம் கூடாது என்று சொல்லியிருந்தார்.

கடைசியில் அனுமார் கைக்கு வந்தார். சிரிப்பு நின்றது. வெகு நேரம் பார்த்தாள்.

"இவருக்கு யாருடா கண் எழுதினது?"

"நான்தான்" என்றேன்.

"அதான் பார்த்தேன்" என்றாள் அம்மா. அனுமாரைப் பழைய துணியில் சுற்றினாள். "எல்லாத்தையும் மறுபடி அடிக்கணும். இவரை விட்டுடு."