ஒற்றைக் கெம்பு

வெள்ளி என்றால் உருக்குவார்கள், தட்டுவார்கள், கம்பியாக இழுப்பார்கள் என்றுதான் நான் அறிந்திருந்தேன். அதைச் சப்பாத்தி மாவைப் போல உருட்டித் தேய்க்கலாம் என்பது சென்ற மாதம் திருச்சிக்குப் போகும் வரை எனக்குத் தெரியாது.

திருச்சியில் என் அக்காள் இருக்கிறாள். வயது 82. அவளுடைய மகன் வயிற்றுப் பேத்தி பொறியியல் படித்தவள். மேற்படிப்புக்கு ஜெர்மனிக்குப் போகக் காத்திருக்கிறாள். காத்திருக்கும் பெண்கள் முன்பெல்லாம் தையல் கற்பார்கள். இவள் வெள்ளிக் களிமண் கற்றிருந்தாள்.

கூடத்து மேஜையின் மேல் எலுமிச்சங்காய் அளவில் வெளுத்த ஓர் உருண்டை. "இது மண்ணா?" என்று கேட்டேன்.

"மண் இல்லை, சின்னத் தாத்தா. வெள்ளிதான். மாவைவிட நைசான வெள்ளித் தூளில் தண்ணீரும் பசையும் சேர்த்துப் பிசைந்தது. சுட்டால் தண்ணீர் போகும், பசை எரிந்துவிடும்; தூள் எல்லாம் உருகாமலே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். மிஞ்சுவது சொக்க வெள்ளி" என்றாள்.

1990களின் தொடக்கத்தில் ஜப்பானில், மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் மசாகி மொரிகாவா என்பவர் உருவாக்கியதாம் இந்த வித்தை. வெள்ளி உருக 961 டிகிரி சென்டிகிரேட் சூடு வேண்டும். அதற்குக் கீழே, 800 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் களிமண் வெள்ளியாகிவிடுகிறது. பத்தர் ஊதுகுழலோடு ஆயுள் முழுவதும் போராடிக் கற்ற வேலையில் ஒரு பகுதியை, இந்தப் பெண் பால்காரர் வருவதற்குள் முடித்துவிடுகிறாள்.

வேடிக்கை பார்க்கத் தொடங்கினால் நேரம் போவதே தெரியவில்லை. உருண்டைக்கு இரு பக்கமும் நான்கு நான்கு சீட்டுகளை அடுக்கி, அவற்றின் மேல் உருளையை ஓட்டினாள். சீட்டின் கனத்துக்கு மேல் தகடு மெலியாது. சீட்டுக்கட்டுக்கும் இப்படி ஒரு நற்கதி உண்டென்று அன்று தெரிந்துகொண்டேன். ஒட்டாமல் இருக்க விரலில் ஒரு சொட்டு எண்ணெய். அக்காளுடைய கிழிந்த பட்டுப் புடவையின் சரிகைக் கரையைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தி எடுத்தாள். அன்னமும் கொடியும் அப்படியே பதிந்தன. காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்து, உதிர்ந்த தூளையும் சிந்தாமல் சேர்த்து வைத்துக்கொண்டாள். அந்தச் சிக்கனம் எங்கள் வீட்டு இரத்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது வெற்றிலை வேலைதான். ஒரு கொழுந்து வெற்றிலையின் பின்புறத்தில், நரம்பு புடைத்திருக்கும் பக்கத்தில், குழைத்த வெள்ளியைத் தூரிகையால் பூசுவாள். காய்ந்ததும் மறுபடி ஒரு பூச்சு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. பிறகு சூளையில் வைத்தால் வெற்றிலை எரிந்து போய்விடும். அதன் நரம்புகள் மட்டும் வெள்ளியில் நின்றுவிடும்.

"அலங்காரத்துக்கு என்னென்ன வைக்கலாம்?" என்று கேட்டேன்.

"அதற்கு இரண்டு கணக்கு, சின்னத் தாத்தா. நெருப்புக்கு முன்னால் வைப்பது, நெருப்புக்குப் பின்னால் வைப்பது."

முத்து, பவழம் ஆகியவை சூளைக்குள் போகக்கூடாது, போனால் பாழ். செவ்வந்திக் கல் நிறம் மாறிவிடும். இவற்றுக்குக் கூடு மட்டும் முதலில் செய்துகொண்டு, கல்லைக் கடைசியில் வைக்க வேண்டும். தங்க ரேக்கு ஒட்டுவதும் சுட்ட பிறகுதான். வெள்ளியைச் சூடாக்கி, ரேக்கை மேலே வைத்து, வழவழப்பான அகேட் கல்லால் அழுத்தினால் பிடித்துக்கொள்கிறது. கொரிய நாட்டாரின் பழைய முறை அது. கந்தகச் சேர்க்கை கலந்த வெந்நீரில் நனைத்தால் வெள்ளி பொன்னிறம், செம்மை, நீலம் என்று மாறிக்கொண்டே போய்க் கடைசியில் கறுக்கும். பிடித்த நிறத்தில் சட்டென்று எடுத்துவிட வேண்டும்.

நெருப்புக்கு முன்னால் தைரியமாக வைக்கக் கூடியவை, மனிதன் உலையில் செய்த கற்கள். அவற்றைக் களிமண்ணில் அழுத்தி, கல்லின் இடுப்பு சற்றே கீழே இறங்கும்படி வைத்துவிட்டால் போதும். சுடும்போது களிமண் பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்கும். அந்தச் சுருக்கமே கல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இதைக் கேட்டுக்கொண்டே இருந்த அக்காள் எழுந்து உள்ளே போனாள். மஞ்சள் துணி முடிச்சு ஒன்றோடு திரும்பி வந்தாள். "இதை வைத்துக் கொடேன். போகிற இடத்தில் போட்டுக்கொள்" என்றாள் பேத்தியிடம்.

அம்மாவின் ஒற்றைத் தோட்டுக் கெம்பு!

அந்தக் கல்லின் கதை எங்கள் குடும்பத்தில் புராணம். 1942இல் ஜப்பானியர் படை பர்மாவுக்குள் வந்தபோது, அப்பா ராங்கூனிலிருந்து மற்றவர்களோடு மலையும் காடுமாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். வேட்டி மடிப்பில் இரண்டு சிவப்புக் கற்களை வைத்துத் தைத்திருந்தார். அவைதான் அம்மாவின் தோடாயின. 1975இல் ஒரு கல்யாணக் கூட்டத்தில் ஒன்று தொலைந்து போயிற்று. ஊரே தேடியது. அம்மா மட்டும், "போனால் போகிறது, சாப்பிடுங்கள்" என்றாள். அவளுடைய வைராக்கியத்தை நாங்கள் எல்லோரும் வியந்தோம். நான் அதை ஒரு நாவலில்கூட எழுதியிருக்கிறேன்.

பேத்தி தயங்கினாள். "அப்பாயி, பூமியில் விளைந்த கெம்புக்குள் கீறலும் புரையும் இருக்கும். சூட்டில் வெடித்தாலும் வெடிக்கும். பார்த்துவிட்டு வைக்கிறேன்."

மறுநாள் நானும் அவளும் கடைத்தெருவில் கல் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனோம். கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். கல்லுக்குள் மெல்லிய கோடுகள், இசைத்தட்டின் கோடுகளைப் போல வளைந்து ஓடின. "மண்ணில் விளைந்த கல்லில் கோடு நேராக ஓடும். வளைந்தால் உலைக் கல். கெம்பேதான், ஐயா, ஆனால் மனிதன் செய்தது" என்றார்.

உலையில் கெம்பு செய்யும் முறையை வெர்னுய் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1902இல் வெளியிட்டார். அதன் பிறகு அத்தகைய கற்கள் உலகமெங்கும் பரவின. ராங்கூனில் யாரோ அப்பாவை ஏமாற்றியிருக்கிறார்கள்! போலிக் கல் இரண்டைப் பொக்கிஷம் என்று நினைத்து, பசியும் காய்ச்சலுமாக அந்த மலைகளைக் கடந்தாரே மனிதர் என்று நினைத்தபோது, திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பேச்சே எழவில்லை. சீதையைத் தீயில் இறக்கினார்கள். மெய் என்பதால் மீண்டாள். இங்கே கணக்குத் தலைகீழ். மெய்யாக இருந்தால் வெடிக்கலாம். செய்ததாக இருந்தால் மீளும்.

"அப்பாயியிடம் சொல்ல வேண்டாம்" என்றேன். கற்பனையை விற்று ஜீவிக்கிறவனுக்கு ஒரு பொய் பாரமா?

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காள் கேட்டாள்: "என்ன சொன்னான்?"

"பார்க்கணும் அக்கா... நெருப்பில் வைத்தால் ஒருவேளை..."

"வெடிக்காது. தைரியமாக வைக்கச் சொல்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே பேசினாள்.

"அப்பா கொண்டுவந்தது நல்ல கல்தான். நீ காலேஜில் சேர்ந்தாயே, 1967இல். அப்பா போய் வருஷம் திரும்பவில்லை. நான் பிரசவத்துக்கு வந்திருந்தேன். பத்தரைக் கொல்லை வழியாக வரச்சொல்லி, இரண்டு கல்லையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதே அளவுக்கு இதை வைத்துக்கொண்டாள். 'தம்பிக்குத் தெரிந்தால் படிப்பு ஏறாது' என்றாள். அதனால்தான் சொல்லவில்லை. இப்போது உனக்குப் படிப்பு ஏறி முடிந்துவிட்டதே, தம்பி."

75 வயதில் ஒருவன் தன் கல்லூரிப் படிப்பை மறுபடி எண்ணிப் பார்க்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வகுப்புக்குப் போகாமல் காவிரிக் கரையில் கதைப் புத்தகத்தோடு கழித்த பிற்பகல்கள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. ராங்கூன் கல்லை நான் அப்படிச் செலவழித்திருக்கிறேன். என் நாவலில் அம்மா காட்டிய வைராக்கியத்தையும் இனித் திருத்தி எழுத முடியாது.

மறுநாள் காலையில், காய்ந்த வெள்ளி வெற்றிலையின் காம்படியில் சிறு களிமண் மேடை வைத்து, அதற்குள் கல்லை அழுத்தினாள் பேத்தி. அதுவும் காய்ந்த பிறகு பிற்பகலில் சூளைக்குள் வைத்தாள். அரை மணி சுட்ட பிறகும் திறக்கவில்லை. கல் இருப்பதால் தண்ணீரில் போடக்கூடாது, தானாகவே ஆற வேண்டும் என்றாள். சாயங்காலம் வரையில் நான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்த வெற்றிலை சுண்ணாம்பு தடவினாற்போல வெளுத்திருந்தது. கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து வெள்ளி கண் விழித்தது. நடுவில் அந்தக் கல், ஒரு கீறல் இல்லாமல், பழைய சிவப்போடு.

அக்காள் அதை உள்ளங்கையில் வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"வைத்தபோது பெரிதாக இருந்ததே, சின்னதாகிப் போச்சே!" என்றாள்.

"சுருங்கினால்தான் அப்பாயி, கல்லைப் பிடிக்கும்."

அக்காள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "அது சரி" என்று சொல்லிவிட்டு, விளக்கேற்ற எழுந்து போனாள்.