மிதக்கக் கற்றுத் தரும் அரக்கோணம்!

சென்னை சென்ட்ரலில் இருந்து ரயிலில் சுமார் 70 கிலோமீட்டர். டீ, சமோசா சத்தத்துக்கு நடுவே அரக்கோணம் ஜங்ஷன் வந்துவிடுகிறது. 1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. இங்கே கடல் கிடையாது. பக்கத்துத் தக்கோலத்தைத் தொட்டுப் போகும் கொசஸ்தலை ஆற்றிலும் வருடத்தில் பல மாதங்கள் மணல்தான் தெரியும். ஆனால், தமிழ்நாட்டில் எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் முதலில் தேடப்படுவது இந்த ஊரைத்தான்!

காரணம், தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இங்கேதான் இருக்கிறது. மத்திய தொழில் பாதுகாப்புப் படையில் இருந்து வந்த வீரர்களைக் கொண்ட படை இது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, இந்த வீரர்களின் ரப்பர் படகுகள் தெருத்தெருவாகப் போயின. சென்னை விமான நிலையம் மூடப்பட்ட அந்த நாட்களில், அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ராஜாளி விமானதளத்தில் இருந்து பயணிகள் விமானங்களும் பறந்தன.

தக்கோலத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 949-ம் ஆண்டு ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில், சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்டது இந்த மண்ணில்தான். இங்குள்ள மத்திய தொழில் பாதுகாப்புப் படைப் பயிற்சி மையத்துக்கு 2025-ல் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

வெள்ளத்தில் வரும் மீட்பு வீரரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் நன்றாக நீந்தத் தெரிந்தவர். ஆனாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏற மாட்டார். நாமோ, விடுமுறைக்கு ஏலகிரி, பிச்சாவரம், முட்டுக்காடு என்று போனால், 'வேர்க்குது', 'போட்டோல நல்லா இருக்காது' என்று அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறோம். 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டில் இருந்து போனவர்களும் உண்டு. அன்று பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

எவ்வளவு மிதப்பு போதும்?

60 கிலோ மனிதருக்கு 60 கிலோவைத் தூக்கும் ஜாக்கெட் தேவையில்லை. தண்ணீரே நம் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிவிடும். தலையை வெளியே நிறுத்த, பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 3 முதல் 5 கிலோ வரையிலான மிதப்புதான். ஒரு வேடிக்கை, குண்டானவர்களைவிட ஒல்லியாக, கட்டுமஸ்தாக இருப்பவர்கள்தான் சீக்கிரம் மூழ்குவார்கள். கொழுப்பு மிதக்கும், தசை மிதக்காது.

மிதப்பை நியூட்டன் கணக்கில் சொல்வார்கள். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 1 கிலோவைத் தூக்கும். ஜாக்கெட்டின் உள்பக்கம் 50 என்று இருந்தால், அது நீச்சல் தெரிந்தவர்களுக்கு, கரையும் உதவியும் பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு. 100 என்றால் நீச்சல் தெரியாதவர்களும் அலையில்லாத நீர்நிலையில் போடலாம். 150 என்றால் கடலுக்கு. மயங்கியவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பிப்போடும் வகையில் இதை வடிவமைக்கிறார்கள்.

படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துப் பலகையில் சறுக்கும் 'வேக்போர்டிங்' பிரியர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது அடிபடாமல் இருக்க, 'இம்பாக்ட் வெஸ்ட்' என்ற மெல்லிய உடை கிடைக்கிறது. பார்க்க அழகு, உடம்போடு ஒட்டி நிற்கும். ஆனால், அவற்றில் பல அடியைத் தாங்கத்தான், ஆளைத் தாங்க அல்ல. மிதப்பு அளவு குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

போட்டுப் பார்ப்பது எப்படி?

* எல்லா பக்கிளையும் மாட்டி, பட்டைகளை இறுக்குங்கள். கைகளை உயர்த்தச் சொல்லி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிய சைஸ். தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும்.
* 'வளர்ற பிள்ளைதானே' என்று குழந்தைக்குப் பெரிதாக வாங்காதீர்கள். வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள். சிறு குழந்தைகளுக்குக் காலிடுக்கில் பட்டையும், தலையைத் தாங்கும் காலரும் அவசியம்.
* புடவைத் தலைப்பு, துப்பட்டாவை உள்ளே செருகிவிட்டு, மேலே ஜாக்கெட் போடுங்கள்.
* அதன் மேல் உட்காராதீர்கள். உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்க நசுங்க மிதப்பு குறையும். துணி கிழிந்து, பட்டை இற்றுப்போன ஜாக்கெட்டைத் தந்தால், தயங்காமல் வேறு கேளுங்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்கித்தான் தாத்தாக்கள் நீச்சல் பழக்கினார்கள். பேரிடர் மீட்புப் படை வீரர்களும் பள்ளிகளுக்குப் போய், காலி தண்ணீர் பாட்டில்களைச் சேர்த்துக் கட்டி மிதவை செய்யக் கற்றுத் தருகிறார்கள். மூடி இறுக்கிய ஒரு லிட்டர் பாட்டில், முழுதாகத் தண்ணீருக்குள் இறங்கும்போது ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். நெஞ்சைச் சுற்றிப் பத்து பாட்டில் கட்டினால், ஆபத்துக்கு ஒரு பிடிமானம். ஆனால், அது வெள்ளத்தில் வேறு வழியே இல்லாதபோதுதான், பிக்னிக் படகுக்கு அல்ல!

அடுத்த முறை அரக்கோணம் ஜங்ஷனில் ரயில் நிற்கும்போது, ஆரஞ்சு நிற உடையில் சில வீரர்கள் கண்ணில் படலாம். தண்ணீரை நன்றாகத் தெரிந்தவர்களே அதற்கு மரியாதை தருகிறார்கள். விடுமுறையில் படகுக்காரர் ஜாக்கெட்டை நீட்டும்போது, அந்த முகங்களை நினைத்துக்கொண்டு பக்கிளை மாட்டுங்கள். போட்டோவுக்கு, கரைக்கு வந்த பிறகு சிரித்துக்கொள்ளலாம்!