பாலம் கடந்த திகதி

1997இல் ரொறன்ரோவில் எங்கள் அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வந்தபோது ஐயா தடுமாறியது ஒரேயொரு திகதியில்தான். வலிகாமத்தை விட்டு எப்போது வெளிக்கிட்டீர்கள் என்று கேட்டார்கள். "மாரி தொடங்கின நேரம், நவம்பராயிருக்கும்" என்றார். படிவத்திலோ ஒக்ரோபர் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். எதிரே இருந்தவர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். எங்களுக்கு நெஞ்சு அடைத்தது.

இடைவேளையில் அம்மாதான் பிடித்துக் கொடுத்தா. "என்னப்பா, மறந்துபோனியளே? தீபாவளிக்கு அடுத்த நாள் கிரகணமெண்டு பிள்ளையளை வெளியில விடேல்லை. அதுக்கு அடுத்த திங்கள்தானே வெளிக்கிட்டனாங்கள்."

தீபாவளி 23, கிரகணம் 24. அப்படியானால் 1995 ஒக்ரோபர் 30. உடனே ஐயாவுக்கு எல்லாம் வந்துவிட்டது: மழை, சைக்கிள் கரியரில் கட்டிய அரிசிச் சாக்கு, நாவற்குழிப் பாலத்தடியில் நகராமல் நின்ற சனம், தங்கச்சியின் ஒற்றைச் செருப்பு. இவ்வளவும் எங்கே கிடந்தது?

இதைப்பற்றி ஆராய்ந்த எண்டல் ரல்விங் என்ற பேராசிரியர் இதே ரொறன்ரோவில்தான் படிப்பித்தவர். எஸ்தோனியாவில் பிறந்து, யுத்தத்தில் நாட்டைவிட்டு ஓடி, 1949இல் கனடா வந்தவர்; எங்கள் ஆள் என்றே சொல்லலாம். 1966இல் அவரும் பேர்ள்ஸ்ரனும் மாணவர்களுக்கு வகைவகையாகப் பிரித்த சொற்களைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு வகையின் பெயரையும் சொல்லிக் கேட்கப்பட்டவர்கள் கூடுதலாக நினைவுபடுத்தினார்கள். மற்றவர்களுக்கும் சொற்கள் அழிந்து போகவில்லை, எடுக்கும் வழிதான் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் யார் திகதியால் நாளை ஞாபகம் வைத்தார்கள்? திருவிழா, விதைப்பு, செத்தவீடு, இவைதானே எங்கள் கலண்டர். ஆகவே புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்கிறோம்: படிவம் நிரப்ப முன்னர் வயதானவர்களிடம் திகதியைக் கேட்டு நெருக்காதீர்கள். அன்று என்ன சமைத்தீர்கள், வீட்டில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். ஆனால் முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லட்டும். ஒருவர் சொன்னது மற்றவரின் ஞாபகமாகிவிடும். அப்போது இரண்டு வயதாயிருந்த தங்கச்சி பாலத்தை இன்றைக்கும் வர்ணிப்பாள்!

கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. இடைவேளை முடிந்ததும் ஐயா கிரகணத்திலிருந்துதான் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் பாவம், அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் வராமல் முழித்தார். "நுனி நாக்கிலை நிக்குது, வருகுதில்லை" என்று எங்களைப் பார்த்துத் தமிழில் முணுமுணுத்தார்.