காற்று போன பிறகும் ஓடும் டயர்

போன மாதம் முழுக்க ஒரு டயர் விவகாரத்தில் கழிந்தது. ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியாருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

என் பழைய மாணவன் ஒருவன், 2003 பேட்ச், ஒரகடத்தில் லாரி டயர் செய்யும் ஆலை ஒன்றில் ஷிப்ட் பொறுப்பில் இருக்கிறான். பேர் சொல்லவில்லை, அந்த பேட்ச் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பத்தாவதில் நோட்டு அட்டை முழுக்க கார் வரைந்து வைத்திருந்ததற்காக நான் வெளியே நிற்க வைத்த பையன். போன வருடம் ஒரு பழைய பி.எம்.டபிள்யூ. இசட் 4 வாங்கிவிட்டான். இரண்டே சீட், கூரை திறந்து மூடும். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "சார், அட்டையில் வரைஞ்சது" என்றான். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

இப்போது அவன் கேள்வி: "சார், நாலு டயரும் மாத்தணும். திரும்பவும் ரன்ஃபிளாட் போடவா, சாதா டயர் போடவா?"

டயர் ஆலையில் இருப்பவன் என்னைக் கேட்கிறானே என்றேன். "நான் செய்றது லாரி டயர் சார். அதுவும் ஆபீஸ்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

கணக்கு என்று சொன்ன பிறகு விட முடியுமா?

எட்டாம் வகுப்பில் கிராஃப் தாளில் உள்ளங்கையை வைத்து வரைந்து, கட்டம் எண்ணிப் பரப்பு கண்டுபிடிக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்கள் கை விரல்களோடு சேர்த்து 150 சதுர சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். இப்போது இவன் காரைப் பாருங்கள். ஆளோடு சேர்த்து சுமார் 1,600 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 400. டயரில் 32 பவுண்டு காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ. வகுத்தால் சுமார் 180 சதுர சென்டிமீட்டர். அவ்வளவுதான், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இடம். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து நாலு உள்ளங்கை அளவில்தான் கார் தரையைத் தொடுகிறது. திரும்புவது, பிரேக் பிடிப்பது எல்லாம் அதற்குள்.

இதில் எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, காற்று. ராபர்ட் தாம்சன் 1845-இல் காப்புரிமை வாங்கியதும், யாரும் கண்டுகொள்ளாமல் போன அதை டன்லப் 1888-இல் மறுபடி கண்டுபிடித்ததும் இதைத்தான். (நம் திருவொற்றியூரில் 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை ஆரம்பித்தது விளையாட்டு பலூன் தொழில். அதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆயிற்று. பலூனோ டயரோ, விற்பது காற்றைத்தான் என்று வகுப்பில் சொல்வேன்.)

காற்று போனால் சாதா டயரின் சைடுவால் துணி மாதிரி மடிந்துவிடும். ரன்ஃபிளாட்டில் அந்தச் சைடுவாலுக்கு உள்ளே கெட்டியான ரப்பர் வைத்து, காற்றே இல்லாவிட்டாலும் அதுவே எடையைத் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் போகலாம் என்பார்கள். ஏன் வரம்பு? சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். 80 கி.மீ. போவதற்குள் அந்தச் சைடுவால் 40,000 தடவை மடங்கி நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடாகிறதே, அதே கதை. சூடு ஏறி ரப்பர் உள்ளுக்குள் நொறுங்கிவிடும்.

இதற்குக் கொடுக்கிற விலை பணம் மட்டும் இல்லை. கெட்டி சைடுவால் காற்று இருக்கும்போதும் கெட்டிதான். பள்ளத்தில் விழுந்தால் டயர் வாங்க வேண்டிய அடியை ரிம்மும் என் முதுகும் வாங்கும். வல்லம் பக்கம் ஒரு சுற்று அழைத்துப் போனான். இறங்கியதும் வீட்டில் தைலம் கேட்டேன். டயரின் எடையும் கூடுதல், ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை. அது கூடினால் சக்கரம் மேடுபள்ளத்தோடு ஒட்டி ஓடாது, தரையை விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்த நாலு உள்ளங்கைக்கு நல்லதில்லை. இன்னொரு வேடிக்கை, தன் சாதாரண கார்களில் வருடக்கணக்காக ரன்ஃபிளாட் போட்டு விற்ற அதே பி.எம்.டபிள்யூ., வேகத்துக்கென்றே செய்த எம் 3 மாதிரி வண்டிகளுக்குச் சாதா டயர்தான் போடுகிறது. அமெரிக்காவில் கார்வெட் 1997 முதல் ரன்ஃபிளாட்டோடு வருகிறது, ஆகவே ஸ்போர்ட்ஸ் காருக்கு அது ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்தில் போய் ஒருவரைக் கேட்டால் சிரிப்பார்கள்.

பையனுக்கு வேறு அனுபவமும் இருந்தது. பழைய ரன்ஃபிளாட்டில் ஒரு போல்ட் ஏறி, தெரியாமலே வீடு வரை ஓட்டி வந்திருக்கிறான். இந்தப் பக்கம் சாலையில் போல்ட்டுக்கும் ஆணிக்கும் பஞ்சம் இல்லை. கன்டெய்னரும் கார் ஏற்றும் டிரெய்லரும் இராப்பகலாகப் போகிற பாதை. மறுநாள் பஞ்சர் கடையில் அந்தக் கெட்டி டயரை ரிம்மிலிருந்து கழற்றவே முடியவில்லை. பெரிய கடைக்குப் போனால், காற்றில்லாமல் ஓடிய டயருக்கு ஒட்டுப் போடக்கூடாது, புதுசுதான் என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான், உள்ளே என்ன நொறுங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஒரு டயர் முப்பதாயிரத்துக்கு மேல். சாதா டயர் என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம், பஞ்சருக்கு இருநூறு ரூபாய்.

கணக்குப்படி பார்த்தால் விடை சாதா டயர்தான். நான் "ரன்ஃபிளாட்டே போடுடா" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. உறவுக்காரர்களுக்குப் புரியும்.

1996, தை மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம் முடிந்து அம்பாசடரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் பின் சக்கரம், சாலைப் பக்கம் இருக்கிற வலது சக்கரம், பஞ்சர். இராத்திரி பதினொன்றரை இருக்கும். அப்போது இந்தப் பக்கம் இவ்வளவு வெளிச்சம் கிடையாது, ஆலைகள் வரவில்லை. மாமா, என் அக்கா வீட்டுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டெப்னியை இறக்கினார். ஜாக்கி போட்டு உட்கார்ந்தார். நான் டார்ச் பிடித்தேன். வண்டி நகராமலிருக்க முன் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கல் எடுத்து வரச் சொன்னார். டார்ச்சை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓரத்துக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் லாரி இடித்துவிட்டது.

விடிவதற்குள் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

அந்த டார்ச்சை நான் சக்கரத்துக்குத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். வருகிற வண்டிக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியிருந்தேன் அப்போது.

இதை மாணவனிடம் சொன்னேன். இரண்டாவது ஷிப்ட் முடித்து இராத்திரி பதினொன்றுக்கு மேல் சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் தனியாகப் போகிறவன் அவன். காற்று போனாலும் நிற்காமல் போகிற டயர் இருக்கும்போது, முதுகு வலிக்கிறது என்று அதை விடுவானேன் என்பது என் வாதம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு காரின் டிக்கியைத் திறந்து காட்டினான். "சார், இதுல ஸ்டெப்னியே இல்ல. ஜாக்கியும் இல்ல. சாதா டயர் போட்டாலும் நான் சக்கரத்துப் பக்கத்துல உட்கார வேலையே இல்ல."

வாத்தியாரை மாணவன் மடக்கிய இடம் இது.

உண்மைதான். 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் அடைக்கும் கிட்டும் இருக்கிற கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. மாமாவைக் கொன்றது பஞ்சர் இல்லை, நின்ற இடத்திலேயே சக்கரம் மாற்றியே ஆக வேண்டும் என்ற பழக்கம். எத்தனை வருடமாக நான் அந்த டயரையே திட்டிக்கொண்டிருந்தேன்! அதோடு, பள்ளத்தில் சைடுவால் கிழிந்தாலோ ரிம் வளைந்தாலோ ரன்ஃபிளாட்டையும் நம்ப முடியாது. இவனுக்கு ஒருமுறை ஆணி, இரண்டு முறை பள்ளம். இந்தச் சாலையில் பள்ளத்துக்குத் தாக்குப்பிடிப்பது கொஞ்சம் இளகின டயர்தான் என்பது அவன் வாதம். ஒப்புக்கொண்டேன்.

நாலும் சாதா டயராகவே போட்டான். இரண்டு இது, இரண்டு அது என்று கலந்து போடக்கூடாது, கார் திரும்பும்போது முன்னும் பின்னும் வேறு வேறு மாதிரி பிடிக்கும். காற்றழுத்த எச்சரிக்கையையும் புதிதாக செட் செய்யச் சொன்னேன். அவன் காரில் இருப்பது சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு. காற்று குறைந்த சக்கரத்தின் ஆரம் சிறுத்துவிடும், அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும், அதைப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு அழகான யோசனை! 2πr-ஐ வைத்து இப்படி ஒரு கேள்வி கேட்க எனக்கு முப்பத்து நான்கு வருடத்தில் தோன்றவில்லை.

டிக்கியில் இப்போது காற்றடிக்கும் சின்ன மோட்டார், ஓட்டையை அடைக்கும் திரவம், சிவப்பு முக்கோணம், ஆலையில் கொடுத்த மின்னும் சட்டை. இதற்கெல்லாம் மேல் நான் வாங்கிக்கொண்ட சத்தியம் ஒன்று: காற்று போனால் இருட்டில் நிற்கக்கூடாது. அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, வெளிச்சமும் இடமும் உள்ள ஒரு பங்கு வரும்வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போக வேண்டும். டயர் கிழியட்டும், ரிம் போகட்டும், அதன் விலை எனக்குத் தெரியும். அதற்கும் முடியாவிட்டால் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு வண்டி இழுப்பவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். காருக்குள்ளும் உட்காரக்கூடாது, காருக்குப் பின்னாலும் நிற்கக்கூடாது.

உங்களில் பெரும்பாலானவர்கள் வண்டியில் ஸ்டெப்னி இருக்கும். பகலில், ஊருக்குள், ஓரமாக நிறுத்தி மாற்றுங்கள். நெடுஞ்சாலையில் இராத்திரி வேண்டாம். அக்கா பேரன் சென்ற மாதம் புது கார் எடுத்திருக்கிறான், அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு லைக் மட்டும் போடாதே தம்பி, போன் பண்ணு.

போன வியாழக்கிழமை இராத்திரி பன்னிரண்டு இருபதுக்குப் போன் வந்தது.

"சார், தூங்கிட்டீங்களா? முன் டயர் போச்சு. பள்ளம். சைடுவால் கிழிஞ்சிருக்கு, திரவம் நிக்கல."

"எங்க இருக்க?"

"ஒரகடம் தாண்டி. ஒரு பங்க் வரைக்கும் உருட்டிட்டு வந்துட்டேன். ரிம் போயிடுச்சு சார்."

"போகட்டும். வெளியில நிக்கிறியா?"

"பங்க் உள்ள நிக்கிறேன் சார். வண்டியும் உள்ளதான் இருக்கு."

வண்டி இழுக்கிற லாரி வர ஒன்றே முக்கால் ஆயிற்றாம். இரண்டரைக்கு "வீடு வந்துட்டேன் சார்" என்று மெசேஜ் போட்டான். அதைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.