புழுக்க ஊரில் சக்குலண்ட்

நுவரெலியா போய்வருபவர்கள் அங்கிருந்து சக்குலண்ட் கன்று ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். ஆசை நியாயமானது, அந்த இலையடுக்கு அவ்வளவு அழகு. வெள்ளவத்தை பல்கனியில் அது ஒரு மழைக்காலம் தாண்டுவது அபூர்வம். "தண்ணி காணாமல் போச்சோ?" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். தாகமென்றால் இலை சுருங்கும். அழுகலென்றால் அடியிலை நீர்கோத்து மினுங்கும், தண்டு கறுக்கும். இந்த வித்தியாசம் விரலுக்குப் பிடிபட வேண்டும்.

சக்குலண்டுகள் பெரும்பாலும் இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளெடுத்து, பகல் வெளிச்சத்துக்கென அமிலமாகச் சேர்த்து வைக்கும். அதற்கு இரவு குளிர வேண்டும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் குளிரும். கொழும்பில் நள்ளிரவிலும் 25 பாகைக்குக் கிட்ட நிற்கும். ஐரோப்பிய மலைப் பாறைகளில் பனிக்குள் புதைந்து மீளும் செம்பர்வைவம்கூட இந்தப் புழுக்கத்தில் நொந்துபோகும்.

ஐரோப்பாவில் செம்பர்வைவத்தைக் கூரையில் வளர்த்தார்கள், இடி விழாதென்ற நம்பிக்கையில். தோட்டக்காரன் தன் வீட்டின்மேல் அதை வைத்திருக்க வேண்டுமென 800ஆம் ஆண்டை ஒட்டிய, பேரரசன் சார்லமேன் காலத்துப் பண்ணை ஆணையே சொல்கிறது. நம் வாசல்களில் நாவூறு படாதிருக்கக் கற்றாழையை வேர் மேலாகக் கட்டுகிறோம். மண்ணும் தண்ணீருமின்றி அது எத்தனை காலம் பச்சையாகத் தொங்குகிறது! வேருக்குக் காற்றுப் படவேண்டுமென்று எனக்குக் கற்பித்தது அந்தக் கற்றாழைதான்.

ஆகவே வர்ணம் பூசாத மண்சாடி. மூன்று பங்கு செங்கல் நொறுங்கலும் சல்லியும், ஒரு பங்கு மண். தும்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேண்டாம். கடற்கரை மணலில் உப்பு. சாடியின் கீழே இரண்டு ஓட்டுத் துண்டு வைத்தால் அடித்துளையில் காற்றோடும். தண்ணீர் விடியற்காலையில் மட்டும், அதுவும் கலவை முழுக்கக் காய்ந்தபின். மே மாதம் தென்மேற்குக் காற்றுத் தொடங்கியதும் சாடிகளைக் கூரைக்குள் தள்ளிவிடுவேன்; ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழைக்கும் அப்படியே. அழுகத் தொடங்கினால் கறுப்பு முடியும்வரை அரிந்து, வெட்டுவாய் நன்றாகக் காய்ந்தபின் உலர்ந்த கலவையில் குத்தி வைக்கலாம். பலர் அன்றைக்கே நட்டு நனைத்துவிடுகிறார்கள். அதுதான் இரண்டாவது அழுகல்.

ஆனாலும் என் மனம் மருளில்தான். இலங்கையின் சொந்தச் செடி. தாவரவியல் பெயரிலேயே நம் தீவு இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் வெயில் எட்டாத ஒடுங்கிய முற்றத்திலும் நிமிர்ந்து நிற்கும். செம்பர்வைவத்தின் இலையடுக்கு வாழையைப்போல ஒருமுறை பூத்துச் செத்து, குட்டிகளை விட்டுப் போகும். மருளும் பக்கத்திலேயே குட்டி ஈனும். மலைக்கன்று கேட்டு வருபவர்களுக்கு முதலில் ஒரு மருள் குட்டியைக் கொடுத்து, ஒரு மழைக்காலம் அதை வளர்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.